நாவற்குழியடியில் நின்றுவிடும் மைனர் 1000: என்ன பார்க்கலாம்?

மைனர்1098

எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் மொறிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம்தான் நிற்கிறது. நாலு கதவு, 1098 சிசி எஞ்சின், இலங்கையின் பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து நல்லூர், ரவுண், ஆஸ்பத்திரி வீதி என்று நாள் முழுக்கச் சுற்றினாலும் ஒரு குறை சொல்ல முடியாது. காலமையில் முதல் தட்டிலேயே ஸ்ராட் ஆகும்.

சாவகச்சேரிப் பக்கம் திருப்பினால்தான் சனி பிடிக்கிறது. செம்மணி வெளியில் நன்றாக ஓடும். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போக இழுவை குறையும், அக்சிலேற்றரை அமத்தினால் குலுக்கும், இருமும், பிறகு நிற்கும். உடனே ஸ்ராட் எடுக்காது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். கைதடி தாண்ட மறுபடி அதே கதை.

ஒரு கராஜில் காட்டினேன். பிளக், பொயின்ற், கொண்டென்சர், கடைசியில் கொயில் என்று தீப்பொறிச் சாமானை வரிசையாக மாற்றினார்கள். காசுதான் போனது. ஆவணியில் தங்கச்சியின் கலியாணம், மண்டபம் சாவகச்சேரியில். பொம்பிளை இந்தக் காரில்தான் வர வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறா. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

அரியாலையான்

இது வேப்பர் லொக், வேறொன்றும் இல்லை. மைனரில் காபுரேற்றர் எக்சோஸ்ற் மனிபோல்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நம்மூர் வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது. ஒரு போத்தல் தண்ணீரும் பழைய சாரத் துண்டும் காரில் வைத்திருங்கோ. நின்றதும் பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணியைச் சுற்றுங்கோ. எங்கள் அப்பு காலத்து வைத்தியம், கைகண்டது.

மைனர்1098

அண்ணை, அதையும் செய்து பார்த்தேன். ஈரத்துணி போட்டால் ஓடுகிறது. ஆனால் பிறகும் நிற்கிறது. கலியாணத்தன்று பட்டுவேட்டியோடு பொனற்றைத் திறந்து துணி சுற்றிக்கொண்டு நிற்க முடியாதே.

ஏ12_பிரியன்

தம்பி, அந்த எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு டட்சன் ஏ12 ஒன்றைப் போடும். ஊரில் எத்தனை மைனர் அப்படி ஓடுகிறது! பிரச்சினை முடிந்தது.

ஸ்காபரோ_அண்ணை

எஞ்சினை மாற்றினால் கார் மாறிவிடும், பெயர்ப்பலகைதான் மிஞ்சும். தம்பி, அவசரப்படாதையும்.

நான் 90களில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக்கு ஓட்டியவன். பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால் காண முடியாது. காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டுவோம். பின்னால் ஒரு புகை மண்டலம் வரும். சாமான் ஏற்றிக்கொண்டு போய் இடையில் நின்றால் சூடு ஆறிவிடும், பிறகு மண்ணெண்ணெய்யில் எடுக்காது, மிச்சம் வைத்த பெற்றோலைத் தேட வேண்டும். அந்த நாளையில் கார் நிற்பதற்கு ஆயிரம் காரணம். அதனால் ஒன்று கேட்கிறேன்: மாமாவின் கார் அந்தக் காலத்தில் ஓடியதா? மண்ணெண்ணெய் விட்டதா?

மைனர்1098

ஓம் அண்ணை, ஓடியதாகத்தான் மாமா சொல்லுவார். 95இல் வலிகாமத்தில் இருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது சைக்கிளில்தான் போனார்களாம். காரைக் கொட்டிலுக்குள் விட்டு ஓலையால் மூடிவிட்டுப் போனவர். திரும்பி வர, கண்ணாடி ஒன்று இல்லை, பற்றறி இல்லை, கார் இருந்தது. பிறகும் கனகாலம் சும்மாதான் நின்றது. நான் எடுத்த பிறகுதான் வீதியில் இறங்கியது.

சுன்னாகம்_கராஜ்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். சாமான் மாற்ற முதல் சில கேள்வி.

ஒன்று, நிற்கும்போது எப்படி நிற்கிறது? சாவியைத் திருப்பி நிறுத்தியது போல ஒரே வெட்டில் நின்றால் மின்சாரப் பக்கம் பார்க்கலாம். இருமி, குலுக்கி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல். நீங்கள் இரண்டாவதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது, அது இருமத் தொடங்கியதும், கலவையில் பெற்றோலைக் கூட்டுகிற சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கோ. அதனால் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினால் பெற்றோல் குறைந்துபோகிறது என்று அர்த்தம். மூச்சடைத்து உடனே நின்றால் கதை வேறு.

இன்னொன்று. ஈரத்துணி போட்டால் ஓடுகிறது என்று எழுதினீர்கள். துணி போடாமல் அதே அளவு நேரம் சும்மா நின்று பார்த்தீர்களா?

அரியாலையான்

கராஜ் அண்ணை, சும்மா நின்றாலும் சூடு ஆறத்தானே செய்யும்? அதுவும் வேப்பர் லொக்கைத்தானே காட்டும்?

சுன்னாகம்_கராஜ்

நியாயமான கேள்வி. ஆனால் தம்பி எழுதியதைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ. ஆஸ்பத்திரி வீதியில், பஸ் நிலையத்தடியில், மத்தியான வெயிலில் ஊர்ந்து போகும்போது இந்தக் கார் நிற்பதில்லை. பொனற்றுக்குள் சூடு கூடுவது அங்கேதான், காற்றோட்டமே இருக்காது. செம்மணி வெளியில் கடற்காற்று றேடியேற்றருக்குள்ளால் அடித்துக்கொண்டு ஓடிய பிறகு, நாவற்குழியில் நிற்கிறது. சூடுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

மைனரில் வேப்பர் லொக் வராது என்று சொல்லவில்லை. வரும். அதன் குணம் வேறு: நல்ல சூட்டோடு கடைவாசலில் நிறுத்திவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு வந்து ஸ்ராட் பண்ணினால் எடுக்காது.

இப்போது கணக்குப் பாருங்கோ. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் மைனர் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால், மணிக்கு 5 லீற்றர் கேட்கிறது. ரவுணுக்குள் ஊர்ந்து போக அதில் ஒரு பங்குதான் தேவை. மைனரில் இருக்கும் எஸ்யூ மின்சாரப் பெற்றோல் பம்ப் நல்லதென்றால் மணிக்கு 30 லீற்றருக்குக் கிட்டத் தள்ளும். ஆகவே எங்கேயோ அடைப்பு வந்து, வரத்து ஆறில் ஒரு பங்குக்குக் கீழே குறைந்தாலும் ரவுணுக்குள் உங்களுக்குத் தெரியாது. வெளி வீதியில் வேகம் எடுக்கும்போதுதான், காபுரேற்றரில் பெற்றோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் மெல்ல மெல்ல வற்றும். நிறுத்திவிட்டு நின்றால், அடைப்பு இளகி, சாவி போட்டதும் கிண்ணம் நிறைந்துவிடும். துணி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

ஏ12_பிரியன்

இவ்வளவு கணக்குக்கு ஒரு டட்சன் எஞ்சின் வாங்கலாம் :)

சுன்னாகம்_கராஜ்

வாங்கலாம். அதே தாங்கியில் இருந்து அதே குழாயால்தான் டட்சனும் குடிக்க வேண்டும். அதுவும் நாவற்குழியில் நிற்கும்.

பருத்தித்துறை_பிளக்

இடையில் ஒன்று. கொயில் மாற்றிய கராஜ்காரர் கம்பியை மாறிக் கொடுத்திருக்கலாமே? மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தானே பொடியில் பூட்டியிருக்கும்?

சுன்னாகம்_கராஜ்

ஓம், டைனமோ உள்ள பழைய மைனர் பொசிற்றிவ் ஏர்த். புதுக் கொயிலில் கூட்டல், கழித்தல் அடையாளம் இருந்தால், கூட்டல் பக்கம், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்குப் போக வேண்டும். மாறிக் கொடுத்தால் தீப்பொறி கொஞ்சம் பலவீனமாகும், ஆனால் காரை நாவற்குழியில் மட்டும் நிறுத்தாது. எதற்கும் தம்பி பார்த்துக்கொள்ளும்.

இப்போது வருகிற கொண்டென்சரை நம்பாதையுங்கோ. சூடானதும் சாகிற சாமான் நிறையக் கிடக்கிறது. பழையதைக் கழற்றி எறிந்துவிடாமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். டிஸ்ரிபியூற்றருக்குள் சுழலும் றோட்டரும் அப்படித்தான், பித்தளைத் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தியதை வாங்காதையுங்கோ, அந்த ஆணிக்குள்ளால் தீப்பொறி தண்டுக்கு இறங்கிவிடும்.

ஆனபடியால் தீப்பொறியையும் ஒருமுறை பார்த்து அந்தக் கதவைச் சாத்திவிடுவோம். எல்லாம் நின்ற இடத்தில், நின்ற உடனே செய்ய வேண்டும். வீட்டு முற்றத்தில் வைத்து எத்தனை தரம் பார்த்தாலும் கார் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும். செய்ய வேண்டியது இது.

நின்றதும் டிஸ்ரிபியூற்றர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்பில் இருந்து ஒரு ஐந்தாறு மில்லிமீற்றர் தள்ளிப் பிடியுங்கோ, காய்ந்த துணியால். மற்றவர் சாவியைப் போட்டு ஹாண்டிலால் சுற்றட்டும். நீலமாக, சத்தத்தோடு பொறி வந்தால் மின்சாரப் பக்கம் முடிந்தது. வயரைத் திருப்பிப் போட்டு, சாவியையும் நிறுத்திவிட்டுத்தான் பெற்றோல் பக்கம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் காரோடு நீங்களும் எரிவீர்கள்.

பிறகு தாங்கி மூடியைத் திறவுங்கோ. உஸ் என்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டால் காபுரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சாவியைப் போடுங்கோ. பம்ப் டக்டக்கென்று அடித்து நிமிடத்துக்கு அரை லீற்றர் அளவு ஊற்ற வேண்டும். எக்சோஸ்ற் சூடாக இருக்கும், ஒரு துளி அதில் விழக்கூடாது.

ஊற்றாவிட்டால் பம்பின் சத்தத்தைக் கேளுங்கோ. கடகடவென்று ஓயாமல் அடித்தால் காற்றை இழுக்கிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. சத்தமே இல்லாமல் இருந்தால் அதன் பொயின்ற் கருகியிருக்கலாம், அல்லது உறிஞ்சிய நிலையில் இறுகி நிற்கலாம். ஆறுதலாக, மூச்சுத் திணறி அடித்தால் பின்பக்கம் அடைப்பு. அதை உறுதி செய்ய, பம்புக்கு உள்ளே வரும் குழாயின் நட்டைத் தளர்த்துங்கோ. உடனே பம்ப் விடுபட்டு வேகமாக அடித்தால், பம்ப் நல்லது, குற்றம் அதற்குப் பின்னால்.

ஸ்காபரோ_அண்ணை

பம்புக்கு ஸ்பனரால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் என்று நாங்கள் செய்வோம். தம்பியும் தட்டிப் பார்க்கலாமே?

சுன்னாகம்_கராஜ்

பொயின்ற் ஒட்டியிருந்தால் தட்டுக்கு ஓடும் அண்ணை. ஆனால் தட்டி ஓட்டினால் எது பிழை என்று தெரியாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். இந்தமுறை அவர் வீடு போகாமல் நின்றால் நல்லது.

மைனர்1098

ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே போனோம். பாலம் தாண்டி இருமத் தொடங்கியது. சோக்கை இழுத்தேன், உசாராகிக் கொஞ்சத் தூரம் ஓடி, பிறகு நின்றது. வீதியோரமாக ஒதுக்கினோம்.

பொறி: நீலம், நல்ல சத்தம். மச்சானின் கைக்கும் கொஞ்சம் கொடுத்தது.

தாங்கி மூடி: உஸ் இல்லை, காற்று இழுக்கவில்லை. தாங்கி அரைக்கு மேல் இருந்தது.

காபுரேற்றர்க் குழாயைப் போத்தலுக்குள் விட்டு சாவியைப் போட்டேன். டக்... நீண்ட இடைவெளி... டக். போத்தலின் அடி நனைந்ததோடு சரி. பம்பைத் தொட்டால் நல்ல சூடு. உள்ளே வரும் குழாயின் நட்டைத் தளர்த்தியதும் டகடகடகவென்று அடித்தது. மச்சான் பயந்துபோய் சாவியை நிறுத்திவிட்டான்.

அதற்குள் ஓட்டோக்காரர், மாடு மேய்க்க வந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஆள் கூடி ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் தேங்காய் உடைக்கச் சொன்னார்.

சுன்னாகம்_கராஜ்

அருமை. இனிப் பம்புக்கும் காபுரேற்றருக்கும் கை வைக்க வேண்டாம். பம்பின் அடியில் ஒரு ஆணி இருக்கிறது, அதைக் கழற்றினால் சின்னப் பித்தளை வலை வரும். அதைப் பார்த்துவிட்டு, தாங்கி மூடியைத் திறந்து வைத்து, பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி சைக்கிள் பம்பால் பின்பக்கமாகக் காற்று அடியுங்கோ. ஒருவர் தாங்கி வாயில் காது வைக்கட்டும். சிகரெட் இல்லாதவராகப் பார்த்து வையுங்கோ.

மைனர்1098

வலையில் மண்ணிறத் தூள் இருந்தது, ஆனால் அடைக்கும் அளவு இல்லை. காற்று அடிக்க முதலில் சைக்கிள் பம்ப் இறுகி நின்றது, பிறகு ஒரே தடவையில் விட்டுக்கொடுத்து தாங்கிக்குள் குளுகுளு என்று குமிழி. பூட்டி ஓட்டினேன், கொடிகாமம் வரை போய்ச் சந்தையில் மாம்பழமும் வாங்கிக்கொண்டு நிற்காமல் வந்தோம்! பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

சுன்னாகம்_கராஜ்

முடியவில்லை. அடைத்த சாமானைத் திரும்பத் தாங்கிக்குள் தள்ளியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். கலியாணத்துக்கு முதல் தாங்கியை இறக்கும்.

மைனர்1098

கராஜ் அண்ணையின் வாய் முகூர்த்தம். நேற்று கைதடியில் நின்றது.

இன்று தாங்கியை இறக்கினோம். மைனரில் அது கஷ்டமான வேலை இல்லை. பெற்றோலை வடித்துவிட்டு, பற்றறி வயரைக் கழற்றி, டிக்கியின் தளத்தில் தாங்கியின் விளிம்பைச் சுற்றி இருக்கும் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த ஆணிகள்தான் நேரத்தைத் தின்றன. அளவுமானியைக் கழற்றிவிட்டு ரோச் அடித்துப் பார்த்தோம்.

அடியில் கறுப்பு மண்ணிறமாய் ஒரு படை. சுவரில் ஒட்டியிருந்த இடங்களில் அது பாலாடை போலச் சுருண்டு உரிந்து தொங்கியது. விரலால் நசுக்கினால் உடையாது, வளையும். பழைய மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. தாங்கியைக் கவிழ்த்துக் குலுக்கியபோது துருத் தூளோடு ஐந்து ரூபாய்க் குற்றியளவு தகடு ஒன்று விழுந்தது. ஒரு பக்கம் துரு, மறுபக்கம் அந்தப் பிசின். உறிஞ்சுகுழாயின் வாயில் வைத்துப் பார்த்தேன், அச்சொட்டாக மூடியது. வாயால் உறிஞ்ச ஒட்டிக்கொண்டது, விட்டதும் விழுந்தது.

ஸ்காபரோ_அண்ணை

பார்த்தீரா! மண்ணெண்ணெய்யும் பெற்றோலும் கலந்து வருடக்கணக்காக மூடிக் கிடந்தால் அப்படித்தான் பிசினாகும். பிறகு நீர் புதுப் பெற்றோல் விட, அது ஊறி ஊறிக் கழன்றிருக்கிறது. கொட்டிலுக்குள் நின்ற காலத்தில் பேசாமல் இருந்த சாமான் இது.

அரியாலையான்

சரி, ஒத்துக்கொள்கிறேன், சூடு இல்லை. ஆனாலும் காரில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரை விட்டு விட்டு மைனர் றேடியேற்றர் எல்லாம் சுண்ணாம்பு பிடித்துக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்து விடுகிறவர்களின் றேடியேற்றர்தான் தப்புகிறது. அது இன்னொரு இழைக்குரிய கதை.

மைனர்1098

இனித் தாங்கியை எப்படிக் கழுவுவது? பக்கத்து ஒட்டுக்கடையில் காஸ் விளக்கால் சுட்டு எடுக்கலாம் என்கிறார்கள். ஒரு மூலையில் ஊசித் துவாரமும் இருக்கிறது, அதையும் ஒட்டித் தருவார்களாம்.

சுன்னாகம்_கராஜ்

வேண்டாம், வேண்டவே வேண்டாம். காலியான பெற்றோல் தாங்கிதான் நிறைந்த தாங்கியை விட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி பொறி பட்டால் வெடிக்கும். மணம் இல்லை என்று நம்பாதையும், மடிப்புக்குள்ளும் பிசினுக்குள்ளும் ஊறி நிற்கும், சூடு பட்டால் வெளியே வரும். இப்படி வெடித்து ஆள் செத்த கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

கழுவுவதற்கு: ஒரு கை நிறைய நட், அல்லது சின்னச் சங்கிலித் துண்டு போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்குங்கோ. பிசினைக் கொண்டுவந்த எண்ணெய்தான், தோய்க்கவும் உதவும். போட்ட நட்டை எண்ணிப் போட்டு, எண்ணி எடுங்கோ. கறுப்பு நின்றதும் சவர்க்காரத் தண்ணீரால் பல தடவை அலசி, பிறகு வினாகிரி விட்டு ஒரு இரவு வையுங்கோ, துரு இளகும். கடைசியில் சோடா மா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் அடுத்த நாளே செம்பு நிறத்தில் பூக்கும், எங்கள் உப்புக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

துவாரத்துக்கு நெருப்பு இல்லாமல், பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்கும் எப்பொக்சிப் பசை போதும். ஈயம் வைத்து ஒட்டத்தான் வேண்டும் என்றால், தெரிந்த பழைய கைகாரர் தாங்கியைத் தண்ணீரால் நிரப்பி, ஒட்டும் இடம் மட்டும் வெளியே இருக்க, இரும்பைச் சூடாக்கி ஒட்டுவார். காஸ் நெருப்பு வேண்டாம்.

குழாய்களையும் விடாதையும். ரப்பர்த் துண்டு இருந்தால் மாற்றும். வெளியே நல்லாக இருக்கும், உள்ளே தோல் உரிந்து வால்வு போல மூடும்.

பருத்தித்துறை_பிளக்

தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பிளாஸ்ரிக் பில்ரர் போட்டால் நல்லதில்லையா?

ஸ்காபரோ_அண்ணை

எஸ்யூ பம்புக்கு முன்னால் பில்ரர் போடக்கூடாது. அது உறிஞ்சுவதில் பலம் குறைந்த பம்ப். பம்புக்கும் காபுரேற்றருக்கும் இடையில் போடுங்கோ.

சுன்னாகம்_கராஜ்

அண்ணை சொல்வது புத்தகப்படி சரி. ஆனால் கழுவிய தாங்கி கொஞ்சக் காலத்துக்குத் தூள் கொட்டும், அது பம்பின் வால்வுக்குள் போனால் இன்னொரு தலையிடி. நான் பெரிய, உள்ளே தெரிகிற பில்ரரைத் தாங்கிப் பக்கம் போட்டு, சுத்தமாக வரத் தொடங்கியதும் கழற்றிவிடுவேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, சண்டை வேண்டாம்.

மைனர்1098

தாங்கி கழுவிப் பூட்டியாயிற்று. பில்ரர் தாங்கிப் பக்கம்தான் போட்டேன், மன்னிக்க வேண்டும் ஸ்காபரோ அண்ணை. போத்தலில் பிடித்துப் பார்த்தால் இப்போது தாராளமாக ஊற்றுகிறது. சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டிப் பளை வரை, ஏசி பஸ் ஹோர்ன் அடித்துத் துரத்தத் துரத்த ஓடினேன். சோக்கைத் தொடவில்லை. கழற்றிய பழைய கொயில், கொண்டென்சர் எல்லாவற்றையும் கராஜில் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன்.

ஏ12_பிரியன்

வாழ்த்துகள். கலியாணப் படத்தில் கார் வர வேண்டும். விற்பதென்றால் முதலில் எனக்குச் சொல்லும். வாகன இறக்குமதி நின்ற காலத்தில் விலை ஏறியதுதானே.

மானிப்பாய்_கேம்பிறிட்ஜ்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். என்னுடையது ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜ். நெடுக ஓடும்போது பிரச்சினை இல்லை. சந்தியில் பிறேக் பிடித்து வேகம் குறைத்தால் நின்றுவிடுகிறது. இதற்கும் தாங்கியை இறக்க வேண்டுமா?

சுன்னாகம்_கராஜ்

இறக்க வேண்டாம், உங்களுடையது நேர்மாறு. முதலில் எஞ்சினை நிறுத்தி, காற்றுப் பில்ரரைக் கழற்றி, எஸ்யூ காபுரேற்றர் என்றால் அதன் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கோ. தடையில்லாமல் இறங்கி அடியில் டக் என்று தட்ட வேண்டும். ஒட்டி ஒட்டி இறங்கினால் அதைக் கழற்றித் துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சரியாக விழுந்தால், அக்சிலேற்றரோடு திரும்பும் துறொட்டில் தண்டு இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று பிடித்து ஆட்டிப் பாருங்கோ, அதற்குள்ளால் காற்று இழுத்தாலும் சந்தியில் நிற்கும். பார்த்துவிட்டுப் புது இழை ஒன்று தொடங்குங்கோ.